வெயில் டைம்

ஆகஸ்ட் 3, வியாழன்

காலையில் மிக்ஸி ஜாரின் அடியில் கசிவு. சட்னி மேடை முழுக்க ஓடிவிட்டது. துடைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் மேசையில் பல்கலைக்கழகத்துச் சுற்றறிக்கை உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான். பெண்கள் கால்பந்தில் இரண்டாம் டிவிஷன் என்பது எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகள். அதில் மூன்று மண்டலம்: கடலோரம், அடிவாரம், நாங்கள் இருக்கிற உள் மண்டலம். மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்கு மற்ற இரண்டிலிருந்தும் மும்மூன்று அணி போகும், எங்களிடமிருந்து இரண்டு. ஆறு வருடமாக எங்கள் இரண்டும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப் பெட்டியைக் கட்டுகின்றன. பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு தோல்வி. ஆகவே 'மண்டலங்களுக்கிடையேயான தர வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு' இனி எங்களுக்கு நேரடி இடம் கிடையாது. எங்கள் மண்டலத்தில் ஜெயிக்கும் அணி, கடலோரத்தில் நான்காவதாக வந்த அணியோடு ஒரே ஒரு தகுதி ஆட்டம் ஆட வேண்டும். தோற்காமல் இருந்தால் ஓர் இடம். தோற்றால் இந்த வருடமும் இல்லை, இனி எந்த வருடமும் இல்லை.

தர வேறுபாடாம். எழுதிய ஆளை எங்கள் மைதானத்தில் மூன்று மணி வெயிலில் இரண்டு சுற்று ஓடவிட வேண்டும்.

கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நான். உள் மண்டலச் செயலாளரும் நான்தான், பதினான்கு வருடமாக. தர வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள், பதில் எழுத வேண்டியவளும் நானே.

ஆகஸ்ட் 5, சனி

ரோசாலி போன் செய்தாள். கடலோர மண்டலத்துச் செயலாளர். உடற்கல்விக்காக பி.பி.எட். படித்தபோது விடுதியில் என் பக்கத்துக் கட்டில். ஆறுதல் சொல்லக் கூப்பிட்டாளாம்.

"ஏட்டி வடிவு, உங்களுது உள் மண்டலம் இல்லட்டி. உலர் மண்டலம்."

"போனை வச்சிருவேன்."

"கோவப்படாத. நாங்க பிள்ளையளுக்கு மீன் போடுதோம். நீ கம்பங்கஞ்சி ஊத்துத. அதான் வித்தியாசம்."

அடிவாரத்துக்காரர்களைக் கேட்டால் சாரல், மலைக்காற்று என்பார்கள். எங்கள் முதல்வரைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம் என்பார். ஆளுக்கு ஒரு காரணம் கையில் வைத்திருக்கிறார்கள். நான் இத்தனை நாளும் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். போனை வைப்பதற்கு முன் ரோசாலி ஒன்று சொன்னாள். "ஒரு மணி நேரம் வரைக்கும் உன் பிள்ளையள் எங்களை அசைய விடமாட்டாளுவ. அதுக்குப் பெறவு எங்கட்டி போறாளுவ? யாரோ சுவிட்ச அமத்துன மாதிரில்லா இருக்கு."

மிக்ஸிக் கடைக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பிள்ளைகளுக்குச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். கேப்டன் பாண்டிமீனா மட்டும் தாளைக் கையில் வாங்கி இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் ஆண்டு வரலாறு. அப்பா மினி பஸ் கண்டக்டர். பி.பி.எட். படித்து என் நாற்காலியில் உட்காரப் போவதாக என்னிடமே சொன்னவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைக்க, மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். முதல் வருடம் மஞ்சள் காமாலை, போன வருடம் அக்கா கல்யாணம் என்று இரண்டு முறை தவறிவிட்டது. அவளுக்கு இதுதான் கடைசி.

"டிரா போதுமா மேடம்?"

"போதும்."

"தொண்ணூறு நிமிசமா?"

"பின்னே?"

"நாம தொண்ணூறு நிமிசம் ஆடுனதே இல்லயே மேடம்."

"போய்த் தண்ணியக் குடி" என்றேன்.

மைதானத்தின் நான்கு மூலையிலும் பானை வைத்திருக்கிறேன். கால் மணிக்கு ஒரு விசில். தாகம் இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் குடித்தாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தண்ணி மேடம்' என்கிறார்கள். வெளியாள் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

பதில் எழுதுவதற்காகப் பழைய ஸ்கோர் தாள்களை எடுத்தேன். கரப்பான் அரித்தது போக ஆறு வருடத்துத் தாளும் இருக்கிறது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு ஆட்டத்தில் நாங்கள் வாங்கிய கோல் முப்பத்தொன்று. எந்தெந்த நிமிடம் என்று பார்த்தால், இருபத்தாறு அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு. நாங்கள் போட்ட ஏழும் அறுபதுக்கு முன்னால். அறுபதாவது நிமிடத்தில் எல்லா ஆட்டத்தையும் நிறுத்தியிருந்தால் நான்கில் ஜெயித்திருப்போம், ஆறு டிரா, தோல்வி இரண்டே இரண்டு.

தப்பாக எண்ணியிருப்பேன் என்று திரும்ப எண்ணினேன். சரியாகத்தான் இருக்கிறது.

இதுவரை எங்கும் எழுதாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் மண்டலத்தில் ஐந்து கல்லூரி. எங்களுக்குள் ஆடும்போது ஒரு பாதி முப்பது நிமிடம்தான். நாணயம் சுண்டுவதற்கு முன் நடுவர் கோட்டோரம் வந்து "வெயில் டைமா மேடம்?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். தாளில் 'மொத்த நேரம் 90' என்று அச்சிட்டே வருவதால் அதை யாரும் தொடுவதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. பதினொரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகளுடைய நல்லதுக்காகச் செய்த ஏற்பாடு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பதில் அனுப்பிவிட்டேன். கடும் வெயில், கரிசல் மண் வெடிப்பு, மைதான வசதிக் குறைவு. காலண்டர் தாளைப் பற்றி எழுதவில்லை. அது அவர்கள் கேட்ட கேள்விக்கு உள்ளே வராது.

ஆகஸ்ட் 24, வியாழன்

மண்டல இறுதி ஆட்டம். நாங்கள் ஜெயித்தோம், 2–0. நடுவர் முத்துச்செல்வி. நடுநிலைப் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர், என் பழைய மாணவி. வழக்கம்போலக் கோட்டோரம் வந்து நின்றாள்.

"வெயில் டைமா மேடம்?"

தலையாட்டினேன். அவள் எப்போதும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பாள். நான் அவள் கையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

தகுதி ஆட்டம் செப்டம்பர் 16, சனி, மாலை மூன்று மணி, எங்கள் மைதானத்தில். நடுவரும் எங்கள் மண்டலத்து ஆளே இருக்கலாம் என்று கடலோரம் ஒப்புக்கொண்டுவிட்டது. அவ்வளவு தெம்பு அவர்களுக்கு.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மீனா ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். நான் கமிட்டி ஃபைலைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டர் தாளைப் படித்துவிட்டாள். பிள்ளைக்குக் கண் மட்டுமா, கணக்கும் வருகிறது.

"இருவத்தாறு கோலும் அறுவதுக்கு மேல மேடம்."

"பாத்தேன்."

"அப்ப நமக்கு ஆடத் தெரியாம இல்ல. ஆடிப் பழக்கமில்ல."

"வெயில்ல பிள்ளைகளப் போட்டு வறுக்கச் சொல்றியா?"

"நம்ம ஊரு வெயிலு நமக்குப் புதுசா மேடம்? எங்க அம்மா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் களை எடுக்குது."

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வாய் கூடிப்போச்சு அவளுக்கு.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

காலை ஏழே காலுக்கு மைதானத்துக்குப் போனேன், கோல் வலையில் ஓட்டை அடைக்க. அந்த வலையே ரோசாலி அனுப்பிய பழைய மீன் வலைதான். போய்ப் பார்த்தால் பதினாறு பேரும் இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மீனா கையில் போனில் நேரம் ஓடுகிறது: எண்பத்திரண்டு நிமிடம். இரண்டு வாரமாக நடக்கிறதாம், என்னைத் தவிர வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியுமாம்.

என்ன கத்தினேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கீப்பர் ஜெயராக்கினி அழுதுவிட்டாள். மீனா அழவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

பந்து அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

பந்து இல்லாமல் ஓடுகிறார்கள். தொண்ணூறு நிமிடம், வெறும் ஓட்டம். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன், ஒருத்தி கூடக் குறையவில்லை.

மிக்ஸி வந்துவிட்டது. ஜாருக்கு அடியில் வாஷர் போட்டிருக்கிறார். இன்னும் லேசாகக் கசிகிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். மேலே என் பெயருக்குப் பதில் 'தண்ணி மேடம்' என்று வெட்டியிருக்கிறார்கள். சிரித்துவிட்டேன், அவர்களும் சிரித்தார்கள். கோபம் தீர்ந்தது என்று நினைத்துத்தான் மீனா கேட்டிருப்பாள்.

"மேடம், செல்வி அக்கா ஒரு மேட்ச்ல விழுந்தாங்களாமே. அதனாலதான் இந்த வெயில் டைமா?"

"யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும் மேடம். ஒம்போது நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்களாம்."

"ஆமா. வெயில்" என்றேன். "எழுபத்தோராவது நிமிசம். அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையும் விழல. அத மறந்துராத."

"மறக்கல மேடம். ஆனா அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையும் ஜெயிக்கவும் இல்ல."

கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

செப்டம்பர் 9, சனி

செல்வி மைதானம் பார்க்க வந்தாள். தகுதி ஆட்டத்துக்கு அவளைத்தான் போட்டிருக்கிறார்கள். கோல் கம்பத்தைத் தட்டிப் பார்த்தாள், அடிகளை எண்ணிக் கோல் பெட்டியை அளந்தாள். மூலையில் இருந்த பானையில் ஒரு டம்ளர் மொண்டு, நின்றபடியே குடித்தாள். எனக்கு வேர்த்துவிட்டது.

"பதினாறாம் தேதியும் கேக்கணுமா மேடம்?"

"எத?"

"வெயில் டைமானு."

"பல்கலைக்கழக ஆட்டம். அதெல்லாம் முடியாது."

"ரெண்டு டீமும் சம்மதிச்சா நான் முப்பதுல ஊதுவேன். இத்தன வருசமா ஊதல?" டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீங்க சொன்னா ஊதுவேன். ஆனா ஒண்ணு கேக்கணும் மேடம். நான் விழுந்தது வெயிலாலனு நீங்க நெசமாவே நம்புறீங்களா?"

"டாக்டர் அப்படித்தான் எழுதினாரு."

"நீங்க எழுதிக் குடுத்தத அவரு எழுதினாரு. நான் தண்ணி கேட்டேன் மேடம். மூணு தடவ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

இன்று இதற்கு மேல் எழுத முடியாது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இவர் கோவிலுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

நான் ஆடிய காலத்தில் எங்களுக்கு ஓடும்போது தண்ணீர் கிடையாது. குடித்தால் வயிற்றில் பிடிக்கும், கால் கனக்கும் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். ஆட்டம் முடிந்து அரை மணி கழித்துத்தான் கொடுப்பார். நானும் அப்படியே வளர்ந்தேன், என் பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தேன். தண்ணீர் கேட்பவள் சோம்பேறி என்று ஒரு எண்ணம். எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் மற்றவர்களைப் பற்றி இப்போது பேச்சில்லை.

அன்றைக்கு ஆகஸ்ட் மாதம், இதே மைதானம். செல்வி நடுக்களத்தில் ஆடினாள். இடைவேளையில் வந்து கேட்டாள். வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பு என்றேன். அறுபதாவது நிமிடம் வாக்கில் கோட்டோரம் ஓடி வந்து, கட்டைவிரலை வாயருகே வைத்துக் காட்டினாள். தலையை ஆட்டி மறுத்தேன். எழுபதில் திரும்பவும் கட்டைவிரலைக் காட்டினாள். "முடியட்டும், ஓடு" என்று கத்தினேன். அப்போது குடம் என் நாற்காலிக்கு அடியில்தான் இருந்தது. ஈரத் துணி சுற்றி வைத்திருந்தேன். அடுத்த நிமிடம் விழுந்தாள்.

முதல்வர் விளக்கம் கேட்டார். 'கடும் வெயில் காரணமாக மயக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை, வெயிலும் இருந்தது. ஆனால் எழுதியதற்குத் தக்கபடி ஏதாவது செய்தாக வேண்டுமே. வெயில்தான் காரணம் என்றால் வெயில் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து கல்லூரி பி.டி.க்களையும் கூட்டிப் பேசினேன். எல்லோரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். வெயில் டைம் அப்படி வந்தது. நான்கு மூலைப் பானையும் அதே வாரம் வந்தது. பானை மட்டுமே போதும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பானையை மட்டும் வைத்தால் ஏன் பானை என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

எங்கள் மண்டலம் மட்டம் இல்லை. நான் அதை அரைகுறையாக நிறுத்தி வைத்திருக்கிறேன். மீனுமில்லை, சாரலுமில்லை, கஞ்சியுமில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

பந்து அறையைத் திறந்தேன். "முழு நேரம் ஆடுங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. மீனா ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

செப்டம்பர் 13, புதன்

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஜெயராக்கினி கோலிலிருந்து ஓடி வந்து "மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

செப்டம்பர் 15, வெள்ளி

ரோசாலி அணியோடு வந்து இறங்கினாள். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தாள். மைதானத்தைச் சுற்றி ஒரு நடை போய் வந்தாள். நாலரை மணிக்கே அவள் சேலை முதுகோடு ஒட்டிவிட்டது.

"ஏட்டி, இது மைதானமா, வடைச்சட்டியா? எங்க ஊர்ல இந்நேரம் காத்து வந்துரும். என் பிள்ளையள் இதுல தொண்ணூறு நிமிசம் ஓடுனா செத்துப் போவாளுவ. முப்பது முப்பதா வச்சுக்கிடுவமா? நீங்க அப்படித்தான் ஆடுதியளாம், இங்க வந்துதான் கேள்விப்பட்டேன். ரெண்டு பேரும் சம்மதிச்சா யாரு கேக்கப் போறா?"

கருவாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தேன்.

"உனக்குத்தாம்ட்டி லாபம். யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அறுபது நிமிடம் என்றால் அநேகமாக எங்களுக்குத் தோல்வி வராது. காலண்டர் தாள் சொல்கிறது. மீனாவுக்குச் சான்றிதழ், மண்டலத்துக்கு இடம், எனக்கு எந்த விளக்கமும் எழுத வேண்டியதில்லை. கடலோரமே கேட்கிறது, செல்வியும் ஊதுகிறேன் என்கிறாள். கை நீட்டினால் கிடைக்கும். தொண்ணூறு என்றால் மீனாவின் வருடத்தை வைத்து நான் யோக்கியமானவள் ஆகிறேன் என்று ஆகும். அதுவும் நியாயமா? இதற்கு யாரிடம் போய்க் கேட்பது.

இவரிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. "பிள்ளைகிட்டயே கேளு, ஆடப் போறது அவதானே" என்றார். இருபத்தைந்து வருடத்தில் உருப்படியாகச் சொன்ன ஒன்று.

செப்டம்பர் 16, சனி

ஆட்டம் முடிந்து, குளித்து, கஞ்சி குடித்து உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டே முக்காலுக்கு மீனாவைத் தனியாகக் கூப்பிட்டேன். கடலோரம் கேட்டதைச் சொன்னேன். "அறுவதுன்னா உனக்குச் சான்றிதழ் கெடச்ச மாதிரி. தொண்ணூறுன்னா என்னால உறுதி சொல்ல முடியாது. நீ சொல்றதுதான்."

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "அறுவதுல ஜெயிச்சு அங்க போனா, அங்க எவ்ளோ மேடம்?"

"தொண்ணூறு."

"அப்ப இங்கயே ஆடிருவோம்."

செல்வி கோட்டோரம் வந்தாள். பக்கத்தில் ரோசாலி. "வெயில் டைமா மேடம்?"

பதினொரு வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு, அன்று விழுந்தபோது பட்டது. "இல்ல. முழுசா" என்றேன். ரோசாலி தலையில் அடித்துக்கொண்டாள்.

கோட்டோரம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன், இரண்டு அணிக்கும் சேர்த்து. பந்து வெளியே போகும்போதெல்லாம் யாரும் குடித்துக்கொள்ளலாம் என்று செல்வி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

இருபத்து மூன்றாவது நிமிடம் எங்களுக்குக் கோல். மீனா தள்ளிய பந்து, வலது ஓரக்காரி உள்ளே திருப்பினாள். மீன் வலை குலுங்கியது. முப்பதாவது நிமிடத்தில் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பழக்கத்தில் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஊதவில்லை. நாற்பத்தைந்தில் ஊதினாள். 1–0.

அறுபது வரைக்கும் எனக்குத் தெரிந்த நாடு. அதற்குப் பிறகு இந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்காக நான் நின்று பதினொரு வருடம் ஆகிறது. அறுபத்தாறில் கடலோரத்து நெட்டைப் பெண் ஒருத்தி தலையால் முட்டிச் சமன் செய்தாள். ரோசாலி கையைத் தட்டினாள், ஆனால் அவள் பிள்ளைகள் மூன்று பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். கொண்டாடக்கூடத் தெம்பில்லை. வெயில் அவர்களையும்தான் தின்கிறது.

ஆனால் எங்கள் பக்கம் கோடு தளர்ந்தது. இடையில் இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு பந்துக்கும் மீனா மட்டும் பின்னால் ஓடி அடைக்கிறாள். பந்து வெளியே போகவே இல்லை. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பாட்டில்களைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது நடு வட்டத்தில் மீனா ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பி, கட்டைவிரலை வாயருகே வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, பந்து எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பயிற்சியாளர் கோட்டைத் தாண்டக் கூடாது, இதெல்லாம் பிள்ளைகளுக்கு முப்பது வருடமாக நான் சொல்லிக்கொடுப்பது. எவர்சில்வர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சேலையோடு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. மீனாவின் தலையைப் பிடித்து வாயில் ஊற்றினேன். பாதி அவள் சட்டையில் போனது.

"மேடம், தசை பிடிச்சிருக்கு, அவ்ளோதான்" என்றாள். "மேடம். மயக்கமில்ல. நீங்க அழுவாதீங்க."

விசில் கேட்டது. செல்வி நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். சட்டைப் பையில் கைவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். கூட்டம் ஓவென்று கத்தியது. அவள் கண் நிறைந்திருந்தது. அட்டையைப் பிடித்த கை மட்டும் ஆடவே இல்லை.

"வெளிய போங்க மேடம்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "பாட்டிலக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். அவளும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீனாவிடம் நீட்டினாள்.

மிச்சப் பத்தொன்பது நிமிடத்தை நான் பார்த்தேனா என்றால் பார்த்தேன், ஆனால் வரிசையாகச் சொல்ல வரவில்லை. ஜெயராக்கினி இரண்டு முறை விழுந்து பிடித்தாள். மீனா நொண்டிக்கொண்டே நின்ற இடத்தில் நின்று மற்றவர்களை விரட்டினாள். எண்பதுக்குப் பிறகு ஓடிக்கொண்டிருந்தது எங்கள் பிள்ளைகள்தான், கடலோரம் நின்றுவிட்டது. எண்பத்தேழில் எங்கள் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முடிந்தபோது 1–1.

டிரா போதும். இடம் இருக்கிறது.

ரோசாலி வந்து கட்டிக்கொண்டாள். "உன் பிள்ளையளுக்கு நேத்து என்னட்டி போட்ட?" என்றாள். கம்பங்கஞ்சி என்றேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மீனா வீட்டுக்கு வந்தாள், கால் எப்படி இருக்கிறது என்று காட்ட. காபி கொடுத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குடம், ஈரத் துணி, கட்டைவிரல், விளக்கக் கடிதம், வெயில் டைம். ஒன்றையும் விடவில்லை.

அவள் சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வெட்கம்கெட்ட எதிர்பார்ப்பு. காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சான்றிதழ் வந்துரும் மேடம்" என்றாள். "எனக்கு முன்னாடி ஆடித் தோத்துட்டு வந்த அக்காங்களுக்கு என்ன வரும்?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. ஆறு வருடத்துத் தாள் மட்டுமே என்னிடம் இருக்கிறது. அதிலேயே அறுபதுக்கும் மேல் பெயர்கள்.

வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "அந்த விளக்க லெட்டர இப்ப மாத்தி எழுதிருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நொண்டல் இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 19, செவ்வாய்

மிக்ஸி ஜாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியாகிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதினொரு வருடமாக எங்கள் மண்டலத்தில் ஆட்ட நேரம் குறைக்கப்பட்டதையும், ஏன் என்பதையும், செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதையும். ஒரு பக்கம்தான் வந்தது. இணைப்பு இரண்டு.

ஒன்று, பதினொரு வருடத்துக்கு முந்தைய ஆட்ட அறிக்கையின் நகல், முதல்வரின் ஃபைலில் கிடைத்தது. என் கையெழுத்து: '71ஆம் நிமிடம். ஆட்டக்காரி முத்துச்செல்வி மயக்கம். காரணம்: கடும் வெயில்.'

இரண்டாவது, சனிக்கிழமை ஆட்டத்துக்கு நடுவர் எழுதிய அறிக்கை. மதியம் செல்வி பள்ளியிலிருந்து நேரே கொண்டுவந்து கொடுத்தாள். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. அவள் போன பிறகுதான் படித்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன்.

'71ஆம் நிமிடம். உள் மண்டலப் பயிற்சியாளருக்கு மஞ்சள் அட்டை. காரணம்: நடுவரின் அனுமதி இன்றித் தண்ணீருடன் மைதானத்துக்குள் நுழைந்தது. குறிப்பு: தண்ணீர் தேவைப்பட்டது.'

இரண்டையும் ஒரே உறையில் வைத்து ஒட்டி, நானே தபால் ஆபீசுக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.